தெரியும் என்று சொன்னவன்

1

ஒரு பெண்ணின் படிப்பை நான் கெடுத்தேன். அதற்கு ஒரு பொய்கூடத் தேவைப்படவில்லை. வருவாய் ஆய்வாளர் என் வீட்டு வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒரே வாக்கியம்தான். அவர் தலையாட்டிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் எங்கள் ஊர். அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். மனைவி போனபின் மகன் பிரபு என்னைத் தன்னோடு அழைத்துக்கொண்டான். இப்போது நான் இருப்பது ஜெர்மனியின் தெற்கே, கார் செய்யும் ஒரு நகரத்தில். ஊரிலும் கார் செய்கிறார்கள், இங்கும் கார் செய்கிறார்கள். மகனுக்கு ஷிப்டும் சம்பளமும்தான் மாறியிருக்கின்றன. எனக்குப் பேச ஆள் இல்லாமல் போயிருக்கிறது.

இதைப் படிக்கும் ஊர்க்காரர்கள் சிலர் என்னிடம் படித்தவர்களாக இருப்பார்கள்; அதனால் பெயர்களையும் இடங்களையும் மாற்றியிருக்கிறேன். 'சார் பொய் சொல்ல மாட்டார்' என்று பள்ளியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் அதைச் செய்தேன்.

2

போன இலையுதிர் காலத்தில் இங்கே வீடு மாறினோம். மாறினால் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் புது முகவரியைப் பதிய வேண்டும். குடும்பத்தோடு போனோம். கண்ணாடி போட்ட ஒரு பெண் மகனிடம் பிறந்த தேதி, பழைய முகவரி எல்லாம் கேட்டாள். அதே குரலில், அதே வேகத்தில், "மதம்?" என்றாள். பிரபு "இல்லை" என்றான். அவள் விசைப்பலகையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏண்டா, இந்துன்னு சொல்லக் கூடாதா?"

"அவங்களுக்கு அது வேணாம்பா. கத்தோலிக்கா, புராட்டஸ்டண்டா, அதுதான் வேணும். ஆமான்னா சம்பளத்துல சர்ச் வரி புடிப்பாங்க. மத்தவங்க எல்லாம் அவங்களுக்கு ஒண்ணுதான்."

புது வீட்டுக்குச் சாப்பிட வந்த சகாயத்திடம் பிரபு இதைச் சொன்னான். சகாயம் வாலாஜாபாத்துக்காரர், மகனுடன் வேலை செய்பவர். சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

"நானும் ஒண்ணும் இல்லன்னுதான் சார் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறேன், பாட்டுக் குழுவுல முன்வரிசை நானு. ஆண்டவருக்குத் தெரியுது. கவர்மெண்டுக்கு எதுக்கு?"

"யாராவது வந்து விசாரிச்சா?" என்றாள் மருமகள்.

"யாரு வருவா? வந்தாலும் யாரைக் கேப்பான்? பக்கத்து வூட்டுக்காரன் பேரு எனக்குத் தெரியாது. என் பேரு அவனுக்கு வாயில நுழையாது. அவன் இன்னா சொல்லிடப் போறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. ரசம் கொண்டுவருகிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

சமையலறையில் நிற்க மட்டும்தான் எனக்கு அனுமதி. முதல் மாதம் தனியாக இருந்தபோது காய்ந்த மிளகாய் தாளித்தேன். கூரையில் இருந்த புகைக் கருவி அலறி, மாடிவீட்டுக்காரர் ஓடிவந்து ஜெர்மனில் என்னவோ கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே பதில் "நன்றி" என்பது. அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அன்றிலிருந்து நான் அடுப்பைத் தொடுவதில்லை.

பேத்தி நிலா என்னை 'ஓப்பா' என்கிறாள். இங்கே தாத்தாவுக்கு அதுதான் பெயர். அவள் பள்ளியில் மத வகுப்பு நேரத்தில் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஓர் அறைக்கும், புராட்டஸ்டண்ட் பிள்ளைகள் இன்னோர் அறைக்கும் போகிறார்கள். மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. ஒருநாள் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஓப்பா, நாம ஏன் மீதி?"

கணக்கு வாத்தியாருக்கு மீதி என்ற சொல் புதிதல்ல. அவள் ஷூவை வாங்கி ஓரமாக வைத்தேன். யார் எந்த அறை என்று பிரித்துச் சொல்லும் வேலையை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன் என்று ஒன்பது வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

3

ஊரில் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு ஆபரேட்டராக இருந்தவர் அந்தோணி. காலையில் மோட்டார் போட்டு, தெருத் தெருவாக வால்வு திருப்பித் தண்ணீர் விடுவார். பஞ்சாயத்துச் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் ஏழுமலை. அந்தக் காலத்தில் காலனியில் பாதி வீடுகளில் இப்படித்தான். சர்ச்சில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். அவர் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டெல்லா, திங்கள் காலை என் வருகைப் பதிவேட்டில் செல்வி.

காரணம் எல்லோரும் அறிந்ததுதான். ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவர் ஆனால் சட்டப்படி அவர் பட்டியல் இனத்தில் இல்லை. நம் மாநிலத்தில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு வந்துவிடுகிறார். ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் தீண்டாமை போய்விடும் என்பது சட்டத்தின் நம்பிக்கை. எங்கள் ஊரில் அப்படி எதுவும் போகவில்லை. அந்தோணி இருந்த தெரு காலனியாகவே இருந்தது. டீக்கடை பெஞ்சு முன்போலவே இருந்தது. அவர்கள் சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பிரிக்க நடுவே ஒரு சுவர் இருந்தது.

என் வீட்டில் அவருக்கு ஒரு டம்ளர் இருந்தது. எவர்சில்வர், விளிம்பில் ஒரு நசுங்கல். வாசல் குழாயைச் சரிபார்க்க வந்து தண்ணீர் கேட்டால் அதில்தான் கொடுப்போம். குடித்ததும் அவரே கழுவி, காம்பவுண்டு சுவர்மேல் கவிழ்த்துவிட்டுப் போவார். மழையிலும் வெயிலிலும் அது அங்கேயே கிடக்கும். இந்த ஏற்பாட்டை என் மனைவிமேல் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். அவள் இல்லை, மறுக்க மாட்டாள். ஆனால் ஸ்ரீபெரும்புதூர் பாத்திரக் கடையில் அந்த டம்ளரைத் தனியாகக் கேட்டு வாங்கியவன் நான்.

அந்தோணி அதைப் பற்றிக் கேலி செய்வார். "இன்னா வாத்தியாரே, டம்ளருக்கு ஜலதோஷம் புடிச்சிக்கப் போவுது. ராவெல்லாம் வெளியவே படுத்துக்கினு கீது." நானும் சிரிப்பேன். சிரித்தால் அந்த விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

ஸ்டெல்லாவும் என் மகன் பிரபுவும் ஒரே வகுப்பு. இருவருக்கும் நான்தான் கணக்கு. நான் கரும்பலகையில் பாதி போடும்போதே அவள் நோட்டில் விடை இருக்கும். பிளஸ் டூ முடிவு வந்தது. பிரபுவைவிட அவள் நிறையவே அதிகம். பட்டியல் இனத்தவருக்கான இடத்தில் சென்னையின் பெரிய அரசுப் பொறியியல் கல்லூரி அவளுக்கு உறுதி என்று பள்ளியில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பிரபுவுக்கு அந்த வாசலே கிடையாது. அந்தோணி மகளோடு லட்டு கொண்டுவந்தார். "எல்லாம் நீங்க போட்ட கணக்குதான் வாத்தியாரே" என்றார். லட்டை வாங்கி வைத்தேன். உள்ளே பிரபு சாப்பிடாமல் படுத்திருந்தான்.

அவளுடைய சாதிச் சான்றிதழ் பழைய அட்டையில் இருந்தது. புதிதாக வாங்கச் சொல்லியிருந்தார்கள். அதற்கான விசாரணைக்குத்தான் ஆய்வாளர் தலையாரியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் தோல்பையைக் காம்பவுண்டு சுவர்மேல் வைத்தார்.

"நீங்க வாத்தியார். நீங்க சொன்னா சரியா இருக்கும் சார். அந்த ஏழுமலை குடும்பம் சாமி கும்பிடறவங்கதானே?"

"ஞாயித்துக்கிழமை காலைல இந்த ரோட்டுல நின்னு பார்த்தா தெரியும் சார்" என்றேன்.

"புரியுது" என்று அவர் பையை எடுத்தார். பைக்குப் பக்கத்தில்தான் டம்ளர் கவிழ்ந்திருந்தது. எனக்கு இரண்டு விஷயங்கள் தெரியும். அந்தோணி சர்ச்சுக்குப் போகிறார் என்பது ஒன்று. சர்ச்சுக்குப் போனாலும் என் வீட்டில் அவருக்கு வெளியில்தான் தண்ணீர் என்பது இன்னொன்று. ஆய்வாளர் முதலாவதைத்தான் கேட்டார். இரண்டாவதைக் கேட்கும் வழக்கம் அந்த விசாரணையில் இல்லை. கேட்காததை நான் சொல்லவில்லை.

4

ஸ்டெல்லா பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போனாள். அந்த வரிசையில் அவள் மதிப்பெண்ணுக்கு அந்தக் கல்லூரி எட்டவில்லை. கிடைத்தது தொலைவில் ஒரு தனியார் கல்லூரி. தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரால் அந்தக் கட்டணம் கட்ட முடியாது. அவள் இருங்காட்டுக்கோட்டையில், காருக்கு வயர் பின்னும் கம்பெனியில் லைனில் சேர்ந்தாள். அடுத்த ஆண்டே கல்யாணம்.

பிரபுவுக்கு ரோட்டோரத்து நிலத்தில் ஒரு துண்டை விற்றேன். கம்பெனிகள் வந்த நேரம், நல்ல விலை. அவன் தனியார் கல்லூரியில் படித்தான்.

அந்தோணி அந்த வாரமும் குழாய் பார்க்க வந்தார். "யாரோ சொல்லியிருக்காங்க வாத்தியாரே. நிஜத்ததான் சொல்லியிருக்காங்க. இன்னா பண்றது?" என்றார். தண்ணீர் கேட்டார், குடித்தார், கழுவிக் கவிழ்த்தார். அவர் போன பிறகு எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நல்லவேளை, இவருக்குத் தெரியவில்லை. பல வருடங்கள் அந்த நிம்மதியிலேயே இருந்தேன். அவர் இறந்தபோது மாலை வாங்கிக்கொண்டு போய் வந்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். நான் ஆசிரியர் பயிற்சி படித்தது பிற்படுத்தப்பட்டோருக்கான இடத்தில். எங்களுக்கு நிலம் இருந்தது, கிணறு இருந்தது, ஊரில் சொல்லுக்கு மதிப்பிருந்தது. என் தெருவுக்கு யாரும் வந்து, இவன் பிற்பட்டவன்தானா என்று யாரையும் கேட்கவில்லை. நான் எந்தச் சாமியைக் கும்பிட்டிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

5

சகாயம் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு பல மாதங்கள் அந்தச் சிரிப்பு வீட்டுக்குள்ளேயே இருந்தது. இங்கே கோடை தொடங்கியதும், ஓய்வூதிய நேர்காணலுக்குக் கருவூலத்துக்குப் போக வேண்டும் என்று டிக்கெட் போடச் சொன்னேன். "ஆன்லைன்லயே முடியும்பா" என்றான் பிரபு. நேரில் போனால்தான் திருப்தி என்றேன். அதுவரை அவனிடம் சொன்ன பொய்களில் பெரியது அதுதான்.

என் வீட்டை அறை அறையாகத் தடுத்து, கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். தெருவில் எல்லா வீடும் அப்படித்தான். ஒரிசா, பீகார், திருநெல்வேலி. வாசல் குழாயடியில் ஒரு பையன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்த நசுங்கிய டம்ளரில் நாலைந்து பேருடைய பிரஷ்கள் ஒன்றாக நின்றன. நான் அதையே பார்ப்பதைக் கண்டு, "வேணுமா அங்கிள்?" என்று இந்தியில் கேட்டான். வேண்டாம் என்று கையாட்டினேன்.

கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்தில் ஸ்டெல்லாவுக்காகக் காத்திருந்தேன். கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்கினாள். தலையில் நரை தொடங்கியிருந்தது.

"சார்! எப்ப வந்தீங்க? இன்னா இப்படி எளைச்சிட்டீங்க? அங்க சோறு போடறாங்களா இல்லயா?"

ஓரமாக, மூடியிருந்த பங்க் கடை நிழலில் நின்றோம். நான் சொல்ல வேண்டியதைப் பல மாதம் மனப்பாடம் செய்திருந்தேன். பாதியில் அவள் நிறுத்திவிட்டாள்.

"தெரியும் சார்."

"என்னம்மா தெரியும்?"

"நீங்கதான் சொன்னீங்கன்னு. தலையாரி அன்னிக்கே வந்து அப்பாகிட்ட சொல்லிட்டாரு."

அப்படியானால் அந்த வாரம் குழாய் பார்க்க வந்த அந்தோணி தெரிந்துகொண்டேதான் வந்திருக்கிறார். தெரிந்துகொண்டே என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். எனக்குச் சந்தர்ப்பம் கொடுக்க வந்தாரோ என்று இப்போது நினைக்கிறேன். நான் வாயைத் திறக்கவில்லை.

"நான் உனக்கு ஏதாவது செய்யணும்மா."

"இன்னா செய்வீங்க? திரும்பப் பிளஸ் டூ எழுத வெப்பீங்களா?" சிரித்தாள். பிறகு மகளைப் பற்றிப் பேசினாள். பெயர் யாழினி. "ரெண்டு பேரு வேணாம்னு, எந்தச் சாமியும் கேக்காத பேரா வெச்சேன் சார்." மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. ஸ்டெல்லாவின் கணவர் முருகேசன் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அவரும் ஆதிதிராவிடர், ஆனால் இந்து. கல்யாணம் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் நடந்தது. அப்பாவின் சான்றிதழை வைத்து யாழினிக்கு எஸ்.சி. என்று விண்ணப்பித்திருக்கிறார்கள்.

"கெடச்சிடுமா?"

"கெடைக்கணும் சார். அவ அவங்க அப்பாகூட கிருத்திகைக்கும் போவா, என்கூட பூசைக்கும் வருவா. அதப் போய் யாரு கேக்கறது? தெருவுல விசாரிக்கணும்னா இந்தி தெரிஞ்ச ஆபீசரத்தான் அனுப்பணும். எங்களத் தெரிஞ்சவங்க யாரு கீறாங்க இங்க?"

"நான் போய்ச் சொல்றேன். அன்னிக்கு சொல்லாம விட்டதைச் சொல்றேன்."

அவள் முகம் மாறியது. "வேணாம் சார். ஒண்ணும் செய்யாதீங்க. அதான் நீங்க செய்யணும்."

6

நான் கேட்கவில்லை. அவள் பெருந்தன்மையாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிட்டால் எனக்குப் பாரம் இறங்கும் என்றும் நினைத்தேன். அந்த இரண்டாவது நினைப்புதான் என்னைத் தாலுகா அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

இப்போதைய வருவாய் ஆய்வாளர் இளம்பெண். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். "சொல்லுங்க ஐயா" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தோணி, அவருடைய இரண்டு பெயர்கள், அன்று நான் சொன்ன வாக்கியம், சொல்லாமல் விட்ட டம்ளர். மதம் மாறியும் அந்தக் குடும்பத்தை என் வீடு எப்படி நடத்தியது என்பதற்கு நானே சாட்சி, என் மகன்முன் வேண்டுமானாலும் சொல்வேன் என்றேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கண்களில் இரக்கம் இருந்தது.

நான் முடித்ததும் மெதுவாகக் கேட்டார். "அப்ப இந்தப் பொண்ணோட அம்மா கன்வெர்ட்டட் கிறிஸ்டியனா ஐயா?"

நான் பதில் சொல்லுமுன் அவர் யாழினியின் விண்ணப்பத்தை எடுத்துப் பிரித்தார்.

"விண்ணப்பத்துல அம்மா பேரு செல்வின்னு மட்டும்தான் இருக்கு. அவங்க சான்றிதழ் இல்ல. தாலுகா பிரிச்சதுல பழைய கட்டெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியுது."

"அதுக்காக நான் சொல்ல வரலம்மா. அந்த டம்ளர்…"

"புரியுது ஐயா. எங்க தாத்தாவுக்கும் ஒரு ஊர்ல அப்படி ஒண்ணு இருந்துச்சு." அவர் குரல் தாழ்ந்தது. "ஆனா அதை நான் எங்க எழுதறது? என்னைக் கேக்கற கேள்வில அது இல்லையே. அம்மா கிறிஸ்டியன்னு காதுல விழுந்துட்டா, பொண்ணை எந்த மதத்துல வளர்க்கறாங்கன்னு நான் பார்த்தாகணும். உங்க நம்பர் குடுத்துட்டுப் போங்க."

கொடுத்தேன். கேட்டால் கொடுத்துவிடுவது என் பழக்கம். வகுப்பில் ஒரு கேள்வியை விடையில்லாமல் விட எனக்குப் பிடிக்காது. வாழ்நாள் முழுக்க அதை நேர்மை என்றே நம்பியிருந்தேன்.

7

அன்று மாலையே ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போனேன். காலனி வீடு, இப்போது மாடி எடுத்திருந்தார்கள். சுவரில் மாதாவும் முருகனும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். யாழினி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காராமலே சொன்னேன்.

ஸ்டெல்லா அழவில்லை, கத்தவில்லை. "உங்ககிட்ட இன்னா சார் சொன்னேன்?" என்றாள். அவ்வளவுதான்.

முருகேசன் அப்போதுதான் டூட்டி முடித்து வந்திருந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார். "பெரியவரே, எப்ப ஊருக்குக் கெளம்பறீங்க?"

"அடுத்த வாரம்."

"போனா அங்கயே இருங்க. புண்ணியமாப் போவும்."

யாழினி உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வீட்டு டம்ளர். அதை வாங்கிக் குடித்தேனா, வைத்துவிட்டு வந்தேனா என்று எனக்கு நினைவில்லை. விமானத்தில் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஜெர்மனிக்கு வந்து சில நாள் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத ஒரு காலையில் ஊர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப் அழைப்பு வந்தது. அந்த ஆய்வாளர்தான்.

"ஐயா, நல்லா இருக்கீங்களா? அந்த யாழினி ஃபைலை மேல அனுப்பணும். தெருவுல கேட்டேன், யாருக்கும் ஒண்ணும் தெரியல. நீங்க சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினீங்கன்னா வெச்சிக்குவேன். வாயால சொன்னதை நான் ஃபைல்ல வெக்க முடியாது."

ஜன்னலுக்கு வெளியே தபால்காரர் சைக்கிளைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"யாரைப் பத்திம்மா?" என்றேன்.

"ஸ்டெல்லா ஐயா. செல்வி. அவங்களை உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியாதும்மா."

"ஐயா, நீங்களே நேர்ல வந்து சொன்னீங்களே."

"வயசாயிடுச்சும்மா. எந்த ஊரு, எந்தப் பொண்ணுன்னு எல்லாம் குழம்பிடுது. வேற யாரையோ நெனைச்சிக்கிட்டு வந்து உளறியிருக்கேன் போல."

"அந்த டம்ளர்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வெளியே சொல்லியிருந்த ஒரே குற்றம் அதுதான். அதையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"எந்த டம்ளர்மா?" என்றேன்.

பிறகு அந்தப் பெண், "சரிங்க ஐயா. எழுதறதுக்கு ஒண்ணும் இல்லன்னு வெச்சிக்கறேன்" என்றார். "உடம்பைப் பார்த்துக்கங்க. வீட்ல கூட யாராவது இருக்காங்கள்ல?"

"இருக்காங்கம்மா" என்றேன்.

அவர் நம்பினாரா, புரிந்துகொண்டாரா, எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த உலகத்தில் என்னை வருகைப் பதிவேட்டுக் காலத்திலிருந்து அறிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான் மீதி. அவர்களில் ஒருத்தியைத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். நிலா பள்ளியிலிருந்து வந்து, "ஓப்பா, இன்னும் குளிக்கல?" என்று கேட்டபோதுதான் மதியம் தாண்டியிருப்பது தெரிந்தது.

8

வெயில் காலம் முடியும்வரை பொறுத்திருந்தேன். பிறகு ஒருநாள், அங்கே ஷிப்ட் முடிந்து அவள் வீடு வந்திருக்கும் நேரம் பார்த்து, ஸ்டெல்லாவுக்கு அழைத்தேன். இங்கே மதியம்.

"அலோ, யாரு?"

"நான்தான்மா. சார் பேசறேன்."

பின்னால் ஏதோ பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது.

"எந்த சாரு? தெரியலயே."

குரலில் கோபம் இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்ததைத் தப்பில்லாமல் ஒப்பிப்பதுபோல இருந்தது. ஆய்வாளர் அவளிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். அல்லது அவளே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். கணக்கில் அவள் எப்போதும் கெட்டிக்காரிதான்.

"தப்பா வந்துடுச்சுபோல இருக்கும்மா" என்றேன்.

"பரவால்ல. இங்க பொண்ணு ஹாஸ்டலுக்குக் கெளம்பிக்கினு கீறா. மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போறா. பெட்டி கட்டணும், தலைக்குமேல வேலை. வெச்சிடட்டுமா?"

"வெச்சிடும்மா" என்றேன். அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் முருகேசன் எதையோ எங்கே என்று கேட்டார். யாழினி, "மேல் பையில கீதுப்பா" என்றாள். எங்கள் ஊர்ச் சாலையில் ஒரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சாப்ட்டீங்களா?" என்றாள் ஸ்டெல்லா.

"சாப்ட்டேன்மா."

அதன்பிறகுதான் இணைப்பு நின்றது. நான் சாப்பிட்டிருக்கவில்லை. மகனும் மருமகளும் வர இன்னும் நேரம் இருந்தது. சமையலறைக்குப் போய், தொடக் கூடாத அடுப்புக்குப் பக்கத்தில், குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தேன்.